கிரைண்டர் எங்கே? செட்டிநாட்டு அடுப்படியில் சாதனங்களுக்கு இடம் பார்ப்பது எப்படி

காரைக்குடிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் சமையலறை வரைபடத்தை என்னிடம் காட்டினால், நான் முதலில் தேடுவது கிரைண்டரை. பெரும்பாலும் அது இருக்காது. ஃபிரிட்ஜுக்கு ஒரு மாடம், மைக்ரோவேவுக்கு ஒரு தட்டு, சிம்னிக்குக் கறுப்புக் கண்ணாடி என்று எல்லாம் வண்ணத்தில் பளபளக்கும். கிரைண்டர் எங்கே என்று கேட்டால் வரைந்தவர் சற்று யோசித்துவிட்டு, "அதை மேடையில் எங்காவது வைத்துக்கொள்ளலாம்" என்பார். அந்த 'எங்காவது'தான் பின்னால் முதுகுவலியாக வந்து நிற்கிறது.

கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பது' இங்கே பழைய வழக்கம். ஒரே வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய ஒரே வீட்டுக்குள், இருந்தாலும் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிப் புழக்கம். அந்தக் காலத்தில் அடுப்படி என்றால் அடுப்பும் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். ஆட்டுக்கல்லைத் தரையில் பதித்துவிட்டால் பதித்ததுதான்; அதனால் பதிக்கும் முன்பே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், உட்கார்ந்தால் கால் எங்கே நீட்டுவது என்றெல்லாம் என் அப்பத்தா காலத்துப் பெண்கள் பார்த்தார்கள். இன்று எல்லாவற்றுக்கும் ஒயர் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் நகர்த்திவிடலாம் என்று நினைக்கிறோம். டைல்ஸ் ஒட்டி, பிளக் பாயின்ட் வைத்து, அலமாரியும் அடித்த பிறகு ஃபிரிட்ஜும் ஆட்டுக்கல்தான்.

முதல்முறை அடுப்படி அமைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது வீடோ, அடுக்குமாடியோ, பூர்வீக வீட்டில் உங்கள் பங்குக்கு வந்த பகுதியோ, வேலை ஒன்றுதான்.

அளவு நாடாவுக்கு முன் ஒரு பலகாரம்

உங்கள் வீட்டில் அடிக்கடி செய்கிற, கொஞ்சம் வேலை வாங்குகிற ஒரு பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பால் பணியாரத்தைச் சொல்வேன். பச்சரிசியும் உளுந்தும் டப்பாவிலிருந்து வருகின்றன. தொட்டியில் களைந்து ஊறவைக்கிறோம். ஊறியதைக் கிரைண்டரில் போட்டுக் கெட்டியாக, வெண்ணெய்போல ஆட்டுகிறோம். தேங்காயைத் துருவி மிக்ஸியில் அடித்துப் பால் எடுக்கிறோம். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மாவைக் கிள்ளிப் போட்டுப் பொரித்தெடுத்து, பக்கத்தில் இருக்கிற பாலில் போடுகிறோம்.

இந்த வழியைக் காலால் நடந்து பாருங்கள். டப்பா, தொட்டி, கிரைண்டர், மிக்ஸி, அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்து மேடை. ஃபிரிட்ஜ் இதில் வரவே இல்லை.

சமையலறைத் திட்டத்தில் 'வேலை முக்கோணம்' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவிய கணக்கு அது. அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள் இருக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் 13 அடிக்குக் குறையவும் கூடாது, 26 அடியைத் தாண்டவும் கூடாது. நல்ல கணக்குதான். ஆனால் அது ஃபிரிட்ஜிலிருந்து இறைச்சியும் வெண்ணெயும் எடுத்துச் சமைக்கிறவர்களுக்குப் போட்டது. அரைத்துச் சமைக்கிற வீட்டில் மூன்றாவது மூலை கிரைண்டரும் மிக்ஸியும் இருக்கிற இடம். ஃபிரிட்ஜ் அடுத்த வரிசை. இரண்டடி தள்ளிப் போனாலும் குடிமுழுகிவிடாது. அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு மூலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். வெற்றுத் தரையில் ஒவ்வொரு சாதனத்தையும் அதன் உண்மை அளவில் கட்டமாக வரையுங்கள். கதவு உள்ளவற்றுக்குக் கதவு திறக்கிற வளைவையும் வரைய வேண்டும். வரைந்துவிட்டு, அந்த வீட்டில் யார் சமைக்கப் போகிறார்களோ அவரை உள்ளே விட்டு, பால் பணியாரம் செய்வதுபோல நடக்கச் சொல்லுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து மூன்று வீடுகளில் அந்தப் பத்து நிமிட நடையில் வரைபடம் மாறியிருக்கிறது.

கிரைண்டரும் மிக்ஸியும்

இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டரைக்கூடத் தினமும் தூக்கி இறக்க முடியாது. கல்லோடு சேர்த்தால் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். ஆகவே அதற்கு நிரந்தர இடம் வேண்டும். அலமாரிக்குள் வைத்துத் தேவைப்படும்போது எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் மாவு ஆட்டுவது யார் என்று கேளுங்கள்.

சமையல் மேடை பொதுவாக 32 முதல் 34 அங்குல உயரம் வைக்கிறார்கள். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வந்தால் காய் நறுக்க வசதி. அதே மேடையில் கிரைண்டரை ஏற்றினால் அதன் வாய் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். மாவைத் தள்ளிவிடத் தோளைத் தூக்க வேண்டும். வழிக்கும்போது எட்டிப் பார்க்க வேண்டும். அதனால் மேடையின் ஒரு முனையை மட்டும் இறக்கி, 22 அல்லது 24 அங்குலத்தில் ஒரு குட்டைத் திட்டாகக் கட்டச் சொல்வேன். அகலம் இரண்டடி போதும். சாய்க்கிற வகைக் கிரைண்டரானால் சாயும் பக்கத்தில் ஒன்றரை அடி காலியாக இருக்கட்டும். பாத்திரம் வைத்து மாவை வாங்க அந்த இடம் வேண்டும்.

திட்டைச் சுற்றி அரை அங்குல விளிம்பும், ஒரு மூலையில் தண்ணீர் இறங்க ஓட்டையும் வைத்துவிட்டால் கழுவுகிற வேலை பாதியாகிவிடும். கிரைண்டர் கழுவிய தண்ணீர் வெள்ளையாக மேடை முழுக்க ஓடி, மிக்ஸியின் அடியில் புகுந்து, அடுப்புக் காலைச் சுற்றித் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஓட்டையின் அருமை தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் இந்தத் திட்டு இருப்பது நல்லது. பிளக் பாயின்ட் மட்டும் தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம். தொட்டியிலிருந்து இரண்டடியாவது விலகி, கை எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

மிக்ஸி மேடையிலேயே இருக்கலாம், அடுப்புக்கும் கிரைண்டருக்கும் நடுவில். வறுத்த மிளகாயும் மல்லியும் நேராக ஜாடிக்குப் போகும். அதற்கு மேலே தொங்கு அலமாரி இருந்தால் ஜாடியை மாட்டி மூடியை அழுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மேடைக்கும் அலமாரிக்கும் இடையில் இரண்டடி விட்டால் கவலை இல்லை.

அடுப்பும் சிலிண்டரும்

அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், கிழக்குப் பார்த்துச் சமைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இதில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அடுப்பை அங்கே வைத்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். ஒரு புள்ளி முன்கூட்டியே முடிவாகிவிடுவதும் ஒரு வசதிதான்.

மூலை என்றால் சுவரோடு ஒட்டிய மூலை என்று பொருள் இல்லை. அடுப்பின் பக்கவாட்டில் ஓர் அடியாவது விடுங்கள். சீயமும் தேன்குழலும் சுடுகிற வாணலியின் காது சுவரில் இடித்தால் கரண்டி திரும்பாது. மறுபுறம் ஒன்றரை அடி வெறும் மேடை கட்டாயம். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்க இடம் தேடக் கூடாது. அடுப்புக்கு நேர் பின்னால் ஜன்னல் வந்தால் ஆடிக் காற்றில் தீ அலையும், அணையவும் செய்யும். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பதே மேல்.

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். சிலிண்டருக்கு இடம் பார்ப்பதில் எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகிறது. சிலிண்டர் நேராக, தரைமட்டத்தில், அடுப்பைவிடக் கீழே நிற்க வேண்டும். பள்ளமான அறையிலோ நிலவறையிலோ கூடாது. மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தால் கதவின் கீழ்விளிம்பிலும் மேலும் காற்றுத் துளைகள் வேண்டும். ஃபிரிட்ஜும் தரையோரப் பிளக் பாயின்ட்டும் அதன் பக்கத்தில் வேண்டாம். தரையில் தேங்கிய வாயுவுக்கு ஒரு சின்னப் பொறி போதும். இன்வெர்ட்டர் பேட்டரியை அடுப்படி மூலையில் வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிடுங்கள். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும்படி சிலிண்டர் இருக்கட்டும். குழாய் அடுப்புக்குப் பின்னால் சூட்டில் போகவும் கூடாது, சுவரைத் துளைத்துப் போகவும் கூடாது. சிலிண்டரை வெளியே வைக்க விரும்பினால் காஸ் முகவரிடம் சொல்லிச் செம்புக் குழாய் போடச் செய்யுங்கள்.

புகை போகிற வழி

மிளகாய் வறுக்கும்போது முகப்பில் உட்கார்ந்திருப்பவர் இருமினால் அந்த வீட்டில் காற்று வழி சரியில்லை என்று பொருள். சிம்னி வாங்குவதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். பழைய வீட்டின் பின்கட்டு அடுப்படி உயரமான கூரையும் ஓட்டுச் சந்தும் புகைபோக்கியும் வைத்துக் கட்டியது. திறந்த முற்றம் பக்கத்திலேயே இருக்கும். அங்கே மேலே ஒரு எக்சாஸ்ட் விசிறி போதும். சிம்னி வைத்தால் அந்த உயரத்துக்குக் குழாய் இழுத்தே செலவு ஏறும்.

தாழ்ந்த கான்கிரீட் கூரை உள்ள புது வீட்டுக்குச் சிம்னி வேண்டியதுதான். அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் அதன் அடிப்பாகம் வர வேண்டும். தாழ்த்தினால் சூடு தாக்கும், தலையும் இடிக்கும். உயர்த்தினால் புகை நழுவிவிடும். வாரம் இரண்டு முறை பொரிக்கிற வீட்டுக்கு மணிக்கு 1200 கன மீட்டர் இழுக்கிற சிம்னியைப் பாருங்கள். அந்த எண்ணைவிட முக்கியம் குழாயின் பாதை. ஆறு அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, ஒரே ஒரு வளைவோடு வெளியே போக வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுப்பைத் தின்கிறது. இதனால்தான் அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டும் என்கிறேன். நடுச்சுவரில் அடுப்பை வைத்துவிட்டு, பொய்க்கூரைக்கு மேலே பதினைந்து அடிக் குழாயை நெளித்துக் கொண்டுபோகிற அழகு நமக்கு வேண்டாம்.

குழாயின் வாய் மேற்குப் பார்த்தால் காற்றுத் தடுப்பு மூடி போடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், வெளியே போன புகை திரும்பி உள்ளே வருவது பெரிய அதிசயம் இல்லை.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். சுத்தியலும் உளியும் வைத்து ஓட்டை போட்டால் உள்ளே பெரிதாகப் பெயர்ந்துவிடும்; வட்டத் துளைப்பு இயந்திரம் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அதற்கும் முன்னால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை. வீடு பொதுவில் இருக்கும்போது துளையும் பொதுவானதுதான்.

ஃபிரிட்ஜ்: இடத்துக்கு முன் வழி

தேவகோட்டையில் என் பெரியம்மா வீட்டுக்கு இரட்டைக் கதவு பக்கவாட்டில் திறக்கிற பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். அடுப்படியில் அது நிற்கிற இடத்தை நான்தான் அளந்தேன். மூன்று பக்கமும் இடைவெளி விட்டு, துல்லியமாக. வண்டி வந்தது, முகப்பு தாண்டியது, வளவு தாண்டியது. இரண்டாங்கட்டுக்குப் போகிற நிலைவாசலில் நின்றுவிட்டது. நிலையின் வெளி அளவு தாராளம்தான். தேக்குக் கதவு இரண்டும் முழுதாக மடங்காமல் நின்றதில் மிஞ்சியது 27 அங்குலம். பெட்டியின் ஆழம் 28. கொண்டுவந்தவர், கதவைக் கழற்ற ஆள் வேறு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் வரவே இல்லை. மூன்று வருடம் அந்த ஃபிரிட்ஜ் வளவுத் தூண் ஓரத்தில் நின்றது. தோசை மாவு எடுக்க ஒவ்வொரு முறையும் முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும். பெரியம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. "நடக்கச் சொல்லி டாக்டரும்தான் சொல்கிறார்" என்பார், நான் போகும்போதெல்லாம்.

ஆகவே தெருவிலிருந்து அடுப்படி வரை ஒவ்வொரு நிலையையும் அளந்துகொள்ளுங்கள்: கதவு திறந்த நிலையில் மிஞ்சுகிற அகலம், நிலைப்படியின் உயரம், தாழ்ந்த நிலையானால் மேலே உள்ள இடைவெளி, திரும்புகிற மூலை. புது வீட்டிலும் அடுப்படிக் கதவை இரண்டரை அடிக்குச் சுருக்கிவிடுகிறார்கள், மூன்றடி கேளுங்கள்.

நிற்கும் இடம் பற்றி: அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில் இரண்டடியாவது வேண்டும். வெயில் நேராக விழுகிற மேற்கு ஜன்னல் ஓரம் வேண்டாம். நம் சித்திரை வெயிலில் கம்ப்ரெசர் ஓய்வே இல்லாமல் ஓடும். பின்புறம் நான்கு அங்குலம், பக்கங்களிலும் மேலும் கையேட்டில் சொன்ன அளவு காற்றுக்கு விடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கடையிலேயே பாருங்கள். மேடைப் பக்கம் திறந்து வழி கொடுக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு தொண்ணூறு பாகைக்கு மேல் போகாது, காய்கறித் தட்டை முழுதாக இழுக்கவும் முடியாது. பக்கத்தில் ஒன்றேகால் அடி மேடை இருந்தால் வாங்கி வந்த பையை வைக்கலாம்.

தரை ஆத்தங்குடி டைல்ஸ் என்றால் இன்னொரு விஷயம். அது சூளையில் சுட்டது இல்லை; கண்ணாடிமேல் வண்ணம் வார்த்து, சிமென்ட் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியது. புளியும் எலுமிச்சையும் சிந்தினால் பளபளப்பு போய் வெளுத்துவிடும். எண்ணெய் உள்ளே இறங்கிக் கறையாகும். நடமாடுகிற தரையில் அதைப் போடுங்கள், கண்ணுக்கு நிறைவு. அடுப்புக்கும் தொட்டிக்கும் முன்னால் மட்டும் இரண்டடிக்குக் கிரானைட் ஓடவிடுங்கள். ஃபிரிட்ஜின் காலடியிலும் ஒரு கிரானைட் பலகை கொடுங்கள். பூ போட்ட கல்லில் இழுத்த கீறலை எதைத் தேய்த்தும் மறைக்க முடியாது.

மின்சாரம்

இதைச் சுவர் பூசுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். சாதனங்களை இரண்டாகப் பிரியுங்கள். சூடு உண்டாக்குகிறவை அதிகம் இழுக்கும்: இன்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்ஸ் வரை, மைக்ரோவேவ் 1200க்கு மேல், பாத்திரம் கழுவும் இயந்திரம் 2000 பக்கம், கெய்சர் அதற்கும் மேல். இவை ஒவ்வொன்றுக்கும் தனி 16 ஆம்பியர் பாயின்ட், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். மோட்டார் மட்டும் ஓடுகிறவை குறைவு: மேசைக் கிரைண்டர் 150 வாட்ஸ், மிக்ஸி 500 முதல் 750. இவற்றுக்கு 6 ஆம்பியர் போதும். ஃபிரிட்ஜ் இழுப்பது குறைவானாலும் அதற்கும் தனி பாயின்ட் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இணைப்புக்கும் அது வசதி. இன்டக்‌ஷனும் மைக்ரோவேவும் ஒரே பாயின்ட்டில், நடுவில் ஒரு நீட்டிப்புப் பலகை என்று எங்கும் செய்யாதீர்கள். ஈரக் கையோடு வேலை செய்கிற இடம் என்பதால் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஃபிரிட்ஜின் பாயின்ட்டை அதன் முதுகுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில், எட்டுகிற உயரத்தில் வையுங்கள்.

மற்றவை

மைக்ரோவேவ் தோளுக்குக் கீழே இருக்கட்டும். தலைக்கு மேலிருந்து கொதிக்கிற சாம்பாரை இறக்குவது ஆபத்து. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகான தேக்கு அலமாரி வாங்கி அதற்குள் மைக்ரோவேவை வைக்கிறார்கள். வையுங்கள், பின்பலகையை மட்டும் கழற்றிவிடுங்கள், மூச்சுவிட வழி வேண்டும்.

தண்ணீர்ச் சுத்திகரிப்பான் தொட்டிப் பக்கம், வெயில் படாமல். வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பைப் பிரித்தெடுக்கிற ஆர்.ஓ. வகை தேவையே இல்லாமல் போகலாம். வாங்கினால் அதன் கழிவுநீரைப் பின்புறத்து வாழைக்கு விடுகிற குழாயையும் இப்போதே யோசியுங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் தொட்டியை ஒட்டி, இரண்டடி அகலம். கதவு முன்னால் விழுகிறபோது இன்னும் இரண்டடி தேவை. வெண்கல உருளியையும் இரும்பு வாணலியையும் அதில் போட முடியாது என்பதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடுப்படியில் வேலை இல்லை. பின்தாழ்வாரம் போதும்.

பின்புறம் கொஞ்சம் இடம் இருந்தால், கூரை போட்டு ஒரு கடப்பா மேடையும் குழாயும் ஒரு பெரிய அடுப்புக்கான இடமும் வைத்துவிடுங்கள். திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் பலகாரம் சுடுகிற எண்ணெய் வேலை முழுக்க அங்கே போய்விடும். உள்ளே இருக்கிற சிம்னி இரண்டு அளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

எல்லாம் முடிவானதும் சாக்பீஸ் கட்டங்களை ஒரு வாரம் அழிக்காமல் விடுங்கள். காலையில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை போய் நின்று, வெளிச்சம் கிரைண்டர் திட்டில் விழுகிறதா, உங்கள் நிழல் அதை மறைக்கிறதா என்று பாருங்கள். பிறகு கரண்ட் வேலை செய்கிறவரையும் குழாய் வேலை செய்கிறவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் பாயின்ட் வைத்த இடத்திலேயே மற்றவர் குழாய் இறக்குவார். சுவரில் வெட்டிய பள்ளங்களில் ஒயரும் குழாயும் பதித்தவுடன், பூசுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருடம் கழித்து அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத்தான் தேடுவீர்கள்.